அஜாக்ஸைக் காசிமேட்டுக்குக் கூட்டி வருவது எப்படி: போர்த் துன்பியல் நாடகத்தை முதல்முறை தழுவி நடிப்பவர்களுக்கு

திருவொற்றியூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் 'அஜாக்ஸ்' என்று ஒரு ஸ்டாப்பிங் உண்டு. தினமும் அங்கே ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஒரு இடத்தின் பெயர், அவ்வளவுதான். கிட்டத்தட்ட இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸில் சோஃபக்ளிஸ் எழுதிய ஒரு நாடகத்தின் நாயகனுக்கும் அதே பெயர்தான். கிரேக்க மொழியில் 'அயாஸ்'. தன் பெயரே அழுகுரல் மாதிரி ஒலிக்கிறதே என்று அவனே அந்த நாடகத்தில் சொல்லி நோகிறான். நம் 'ஐயோ'வுக்கு அது எவ்வளவு பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னையில் சின்னக் குழுவாக நாடகம் போடுகிறவர்கள், கல்லூரி நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள், "கிரேக்க நாடகமெல்லாம் நமக்கு எதுக்குண்ணா?" என்று கேட்டவர்கள், எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் குழு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: கதையை ஐந்து நிமிஷத்தில் சொல்லிப் பழகுங்கள்

பிரதியைக் கையில் எடுக்கும் முன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதையைச் சொல்ல வர வேண்டும். டிராய் போரில் கிரேக்கரின் பெரிய வீரன் அக்கிலிஸ் செத்துப் போகிறான். அவனுடைய ஆயுதங்களும் கவசமும் அடுத்த பெரிய வீரனான தனக்குத்தான் வரும் என்று அஜாக்ஸ் நம்புகிறான். அகமெம்னோன், மெனெலேயஸ் என்ற தலைவர்கள் அதைப் பேச்சில் வல்லவனான ஒடிசியஸுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தலைவர்களை வெட்டப் போகிறான் அஜாக்ஸ். அதீனா என்ற தெய்வம் அவன் புத்தியைக் கலக்கிவிடுகிறது. மனிதர்கள் என்று நினைத்து, போரில் பிடித்து வைத்திருந்த ஆடு மாடுகளை வெட்டிச் சாய்க்கிறான். ஒரு கிடாவைக் கூடாரத்துக்குள் இழுத்துப் போய், ஒடிசியஸ் என்று நினைத்துச் சவுக்கால் அடிக்கிறான். விடிகிறது. புத்தி தெளிகிறது. சுற்றிலும் ரத்தம். உள்ளே தெக்மெஸா என்ற பெண். அவள் ஊரை அழித்து அவளைச் சிறைபிடித்து வந்தவனே இவன்தான். அவனுக்கு ஒரு குழந்தையும் பெற்றிருக்கிறாள். ஊர் சிரிக்குமே என்ற அவமானம் தாங்காமல் கடற்கரைக்குப் போய்த் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். மிச்ச நாடகம் முழுக்க, அந்த உடலைப் புதைக்கலாமா கூடாதா என்ற தகராறு.

கதையில் எந்த இடத்தில் ஆபத்து தொடங்குகிறது என்று உங்கள் குழுவில் எல்லோரையும் கேளுங்கள். வெறி பிடித்த இடம் என்று பாதிப் பேர் சொல்வார்கள். சோஃபக்ளிஸ் அப்படி எழுதவில்லை. வெறி தெளிந்த பிறகுதான் ஆபத்து. என்ன செய்தோம் என்று தெரிந்து, அதை நாலு பேர் பார்த்துவிட்டார்கள் என்பதும் தெரிந்த பிறகு, ஒரு ஆம்பளை எப்படி வெளியே தலைகாட்டுவது? முழு நாடகமும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. உங்கள் தழுவலும் அங்கேதான் நிற்க வேண்டும்.

எழுதியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு ஒரு சாயங்காலம் போதும். சோஃபக்ளிஸுக்கு முந்திய நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கி.மு. 490இல் மாரத்தான் போர்க்களத்தில் நின்று சண்டை போட்டவர். சோஃபக்ளிஸ் கி.மு. 441-இல் படைத்தளபதிகளில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாடக விழாவில் போரில் இறந்தவர்களின் பிள்ளைகளை, அரசுச் செலவில் வளர்த்து, கவசம் மாட்டி ஊர்முன் அணிவகுக்க வைப்பார்கள். எதிரே உட்கார்ந்திருந்த ஆண்களில் பலர் ஈட்டி பிடித்தவர்கள், துடுப்புப் போட்டவர்கள். போர்க்களம் தெரிந்தவன் போர்க்களம் தெரிந்தவர்களுக்குச் சொன்ன கதை இது. பட்டுத்துணியும் முழங்குகிற குரலுமாக நடிக்க இதில் எதுவும் இல்லை.

நம் அஜாக்ஸ் ஒருவர் இருக்கிறார்

புறநானூறு 65, 66ஆம் பாடல்களைக் குழுவோடு சேர்ந்து சத்தமாகப் படியுங்கள். வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகையும் துளைத்தது. அவன் ஓடவில்லை, புறமுதுகு காட்டவில்லை. 65ஆம் பாட்டைப் பாடிய கழாத்தலையார் அதைத் தெளிவாகவே சொல்கிறார், 'முன்பு குறித்து எறிந்த' வேல் என்று. ஆனாலும் முதுகில் புண் வந்துவிட்டது. 'புறப்புண் நாணி' வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர் விட்டான். 'மண்முழா மறப்ப, பண்யாழ் மறப்ப' என்று பாட்டு தொடங்குகிறது. ஊரே சத்தம் அடங்கிப் போகிறது.

வெண்ணிக் குயத்தியார் பாடிய 66ஆம் பாட்டை நான் இன்னும் உயரத்தில் வைப்பேன். ஜெயித்த கரிகாலனின் முகத்துக்கு நேராகவே, உன்னைவிட நல்லவன் அந்தப் புறப்புண்ணுக்கு நாணியவன் அல்லவா என்று கேட்கிறார். அது பாராட்டு. எனக்கு உறுத்துவதும் அதுதான். நாணி உயிர் விட்டவனைப் புகழப் புகழ, நாணிக்கொண்டே உயிரோடு இருக்கிறவனுக்கு என்ன பாட்டு இருக்கிறது? ஒத்திகையில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். யாராவது ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்.

போரை எங்கே வைப்பது

புதிதாகத் தழுவுகிறவர்கள் அவசரப்பட்டு 'ஏரியா சண்டை'க்குத் தாவிவிடுகிறார்கள். அஜாக்ஸ் ஒரு ரவுடி, அகமெம்னோன் ஒரு அரசியல்வாதி. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வடசென்னை ஆண் என்றாலே கத்தி என்று ஏற்கெனவே போதுமான அளவுக்குக் காட்டியாகிவிட்டது. இந்த மண்ணில் நிஜமான போர்களின் தடம் கிடக்கிறது, அதைத் தேடுங்கள்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தது. பயந்து ஊரைவிட்டே பலர் ஓடினார்கள். அந்தக் கப்பலின் பெயர்தான் இன்றைக்கும் "அவன் பெரிய எம்டன்டா" என்று ஒரு ஆளைப் பற்றி வியந்து சொல்லும் வார்த்தையாக இருக்கிறது. நம்மை அடித்த கப்பல் நம் வாயில் ஆண்மைக்குப் பேரானது. ஒரு காட்சிக்கான விதை இதில் இருக்கிறது.

1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள், 1960களில் அங்கிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியிலும் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலும் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள், இவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் குழுவிலேயே இருக்கலாம். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைக் கடையில் சாப்பிடுகிறோம், அந்தத் தட்டு எப்படி இங்கே வந்தது என்று கேட்பதில்லை.

நாங்கள் எடுத்துக்கொண்டது 1990. 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப் படை இலங்கைக்குப் போனது. சுமார் 1,200 சிப்பாய்கள் அங்கே இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசி அணியும் திரும்பியது. கப்பலில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் ஊழியர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். வந்து இறங்கியவர்களில் நம் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள். மாலையும் இல்லை, மேளமும் இல்லை. டிரங்க் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதே வடசென்னையில், புழல் காவாங்கரையில், அந்தத் தீவிலிருந்து உயிர் பிழைத்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. கொன்றவனும் இழந்தவளும் ஒரே பஸ்ஸில் போகிற ஊர் இது. தெக்மெஸாவும் அஜாக்ஸும் ஒரே கூடாரத்தில் இருந்த மாதிரி.

இந்தக் காலத்தைத் தொட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் அழுகிற நாடகமாக ஆக்காதீர்கள். சிப்பாயின் வலியைச் சொல்லும்போது அவன் கையில் இருந்த துப்பாக்கியை மறைத்தால் அது பொய்.

முகாமுக்குப் போனால் போனைப் பைக்குள் வையுங்கள். 'கதை சேகரிக்க வந்தோம்' என்று போய் நிற்காதீர்கள். ஒரு முறை கேளுங்கள், மறுத்தால் திரும்பி வாருங்கள். சொன்னவர் பிறகு "அத வேணாம்பா" என்றால், எவ்வளவு நல்ல காட்சியானாலும் வெட்டிவிடுங்கள். அனுபவித்தவரையே மேடையில் ஏற்றி மறுபடி சொல்ல வைக்கக் கூடாது. நடிகன் எதற்கு இருக்கிறான்?

வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை நாங்கள் செய்த தப்பு பெரியது. வெறியாட்டத்தை மேடையில் காட்டினோம். சிவப்பு லைட், டிரம்ஸ், வெற்றுடம்போடு அஜாக்ஸ் கத்தியைச் சுழற்றுகிறான். விசில் பறந்தது. கெத்தாக இருந்ததாகப் பாராட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் வரவில்லை. எந்த ஆண்மை அவனைக் கொன்றது என்று காட்ட வந்தோமோ, அதற்கே கைத்தட்டல் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

பிறகு பிரதிக்குத் திரும்பிப் போனோம். அந்த ராத்திரியை முழுசாக நமக்குச் சொல்கிறவள் தெக்மெஸா. கேட்கிறவர்கள் அவனுடைய மாலுமிகள். "இந்நேரத்துக்கு எங்கே போறீங்க?" என்று அவள் கேட்டதற்கு, பெண்களுக்கு மௌனமே அணி என்று பழமொழி மாதிரி ஒன்றைச் சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை நாங்கள் பல விதமாக மொழிபெயர்த்துப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் தெக்மெஸாவாக நடித்த பெண்ணே, தன் வீட்டில் கேட்டதை அப்படியே எடுத்துப் போட்டாள்: "உன் வேலையப் பாத்துக்கினு கம்முனு கெட." இரண்டாயிரத்து நானூறு வருஷ வரி சட்டென்று உயிரோடு எழுந்து உட்கார்ந்தது.

புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு மிலிட்டரிக்காரர் வீட்டு அக்கா எங்களோடு பேச ஒத்துக்கொண்டார். சண்டை, குண்டு என்று எதுவும் அவர் சொல்லவில்லை. புருஷனைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது எப்படி என்று சொன்னார். "கால்மாட்டுல, நல்லா தள்ளி நின்னு கூப்புடணும். தொட்டு எழுப்பக் கூடாது. புள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி இதச் சொல்லிக் குடுத்தேன்." புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவர். அதனால் மூத்த மகனின் பெயரைச் சொல்லி, "அவங்கப்பா... அவங்கப்பா..." என்று மெதுவாகக் கூப்பிடுவாராம். எழுந்ததும் முதலில் அவர் கண் போவது கதவுக்கு. பிறகு ஜன்னலுக்கு. அதற்கப்புறம்தான் மனைவியின் முகத்துக்கு. அதுவரை அந்த அக்கா டீ டம்ளரை நீட்ட மாட்டார்.

அஜாக்ஸின் பிள்ளைக்கு யூரிசாக்கீஸ் என்று பெயர். 'அகன்ற கேடயம்' என்று அர்த்தம். அப்பனின் கேடயமே பிள்ளைக்குப் பெயர். அந்த அக்கா சொன்னதைக் கேட்டபோது எனக்கு இந்தப் பெயர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் நாடகம் இப்போது அப்படித்தான் தொடங்குகிறது: படுத்திருக்கும் ஒரு மனிதன், கால்மாட்டில் தள்ளி நிற்கும் ஒரு பெண், ஒரு சிறுவனின் பெயர். யாரும் விசில் அடிப்பதில்லை.

மற்றவர்கள் செய்ததைப் பாருங்கள், காப்பியடிக்காதீர்கள்

பாஸ்டனில் வியட்நாம் போர்ச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் அக்கிலிஸை வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பயத்தைவிட ஆழமாகச் சிப்பாயை உடைப்பது, நம்பிய மேலதிகாரி நியாயத்தைக் கைவிடுவது என்பது அவர் கண்டது. அஜாக்ஸுக்கு நடந்ததும் அதுதான். ஆயுதம் கைவிட்டுப் போனது பொருள் நஷ்டம் இல்லை, துரோகம்.

பிரையன் டோரிஸ் என்ற அமெரிக்கர் 2008 முதல் சோஃபக்ளிஸின் இரண்டு நாடகங்களை ராணுவத்தினர் முன்னால் வாசித்து வருகிறார். செட் இல்லை, உடையலங்காரம் இல்லை. நடிகர்கள் பிரதியைப் படிப்பார்கள், அடுத்து சிப்பாய்களும் குடும்பத்தாரும் முன்னால் வந்து பேசுவார்கள், அப்புறம் கூட்டம் பேசும். காசில்லாத குழுவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முதல் நிகழ்ச்சியை இப்படி வாசிப்பாகவே வையுங்கள் என்பது என் கட்டாயமான யோசனை. எல்லன் மெக்லாஃப்லின் இராக் போரை வைத்து எழுதிய தழுவலில் அஜாக்ஸ் ஒரு பெண் சிப்பாய். தன் மேலதிகாரியாலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவள். 'ஆம்பளைத்தனம்' என்று நாம் சொல்வது சீருடைக்குள் இருக்கிறதா, உடம்புக்குள் இருக்கிறதா என்று கேட்க வைத்த தழுவல்.

அஜாக்ஸ் கனமாகத் தோன்றினால் சோஃபக்ளிஸின் இன்னொரு நாடகமான ஃபிலொக்டெடீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். காலில் ஆறாத புண்ணோடு, நாற்றமும் அலறலும் தாங்காமல் தீவில் விடப்பட்ட வீரன். அவனை ஏமாற்ற ஒரு இளைஞனுக்குப் பெரியவர் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார். இருபது வயசுப் பையன்கள் அதிகம் இருக்கிற குழுவுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஒரே ஒரு பொருள்

மேடையில் நிறைய சாமான் வேண்டாம். எங்களிடம் இருப்பது கறுப்பு டிரங்க் பெட்டி ஒன்று, மேலே வெள்ளை பெயின்டில் பெயரும் நம்பரும். அதற்குள் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

அஜாக்ஸ் உயிரை விட்ட வாள் அவனுடையது இல்லை. எதிரியான ஹெக்டர், ஒரு சண்டை முடிந்து பரிசாகக் கொடுத்தது. எதிரியின் பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதுதான் அதன் அர்த்தம். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோம் இல்லையா? பெட்டியைத் துடைக்கும்போது மனைவி அந்த டம்ளரை எடுக்கிறாள். அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்துகள். விரலால் தடவிப் படிக்கிறாள். அவள் குடும்பத்திலோ அவன் குடும்பத்திலோ யாருக்கும் இல்லாத ஒரு பெண்ணின் பெயர். அவள் எதுவும் கேட்பதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அந்தக் காட்சியில் ஒரு வசனம்கூடக் கிடையாது.

கோரஸுக்கு மரண கானா

அஜாக்ஸின் கோரஸ், அதாவது மேடையில் கூட்டமாகப் பாடிப் பேசுகிற குழு, அவனோடு சலாமிஸ் தீவிலிருந்து வந்த மாலுமிகள். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டில் இதற்கு மேல் நான் என்ன விளக்க வேண்டும்? லாஞ்சில் ஒன்றாகக் கடலுக்குப் போகிறவர்களாக அவர்களை ஆக்கிவிடுங்கள். தங்கள் ஆள் தலை குனிந்தால் தங்கள் பிழைப்பும் போச்சு என்று பயப்படுகிறவர்கள் அவர்கள். அவர்கள் பாசத்தில் அந்தப் பயமும் கலந்திருக்கிறது.

பாட்டுக்கு வேறெங்கும் போக வேண்டாம். சாவு வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் ராத்திரி முழுக்கப் பாடுகிற மரண கானா நம்மிடம் இருக்கிறது. ஆண்கள் நாலு பேர் முன்னால் அழுவதற்கு இந்த ஊர் அனுமதித்திருக்கிற இடம் அது ஒன்றுதான். பாடுகிறவர் செத்தவனின் பெயரைச் சொல்லி, அவன் செய்த நல்லதைச் சொல்லி இழுக்கும்போது, எதற்கும் கலங்காதவனும் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பான். ஒரு கானா பாடகரைத் தேடிப் போங்கள். கதையைச் சொல்லுங்கள். வரிகளை அவரே கட்டட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். போஸ்டரில் அவர் பெயர் நடிகர்களுக்குச் சமமாக வர வேண்டும். பேசிய பணத்தை நிகழ்ச்சிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

பட்டாசு மட்டும் வேண்டாம். சாவு ஊர்வலத்தில் வெடிப்பார்கள்தான். ஆனால் கூட்டத்தில் யார் எந்தச் சத்தத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. தீபாவளியை ஒட்டித் தேதி வைக்காதீர்கள் என்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

சாவைக் காட்டும் இடம்

எப்படிச் செத்தான் என்று காட்டாதீர்கள். கயிறு, கத்தி, மருந்து பாட்டில், எதுவும் மேடைக்கு வரக் கூடாது. தியாகம் மாதிரி வெளிச்சம் போடாதீர்கள். எங்கள் நாடகத்தில் அவன் அலைச் சத்தத்தை நோக்கி நடக்கிறான், விளக்கு பெட்டியின் மேல் திரும்புகிறது. நுழைவாயிலிலேயே, இந்த நாடகத்தில் தற்கொலை பற்றி வருகிறது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பக்கத்தில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் 104 என்ற சுகாதார உதவி எண்ணையும் போடுங்கள். முடிந்தால் மனநல ஆலோசகர் ஒருவரைக் கூப்பிட்டுக் கூட்டத்தோடு உட்கார வையுங்கள். அஜாக்ஸாக நடிக்கிறவனை ஒத்திகை முடிந்து தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் கூடவே போய், டீ குடித்து, கிரிக்கெட்டோ கேரமோ பேசி, வீட்டு வாசல் வரை விட்டுவிட்டு வர வேண்டும்.

அவன் செத்த பிறகு கத்திரி போடாதீர்கள்

மூலத்தில் சுமார் 1,420 வரி. 865ஆவது வரியில் அஜாக்ஸ் பேச்சை முடித்துவிடுகிறான். மிச்சத்தை வெட்டிவிடலாம் என்று எல்லாப் புதுக்குழுவும் நினைக்கும். நாங்களும் நினைத்தோம். அப்புறம்தான் புரிந்தது, நம் ஊருக்குப் பழக்கமான பகுதியே அதுதான். துரோகிக்கு அடக்கம் கிடையாது என்று மெனெலேயஸும் அகமெம்னோனும் வந்து நிற்கிறார்கள். அண்ணன் உடலை விட்டு நகராமல் அஜாக்ஸின் தம்பி தியூசர் மல்லுக்கு நிற்கிறான். தெக்மெஸா தன் மேலங்கியால் உடலை மூடுகிறாள். யாருடைய சாவு கௌரவமான சாவு, யார் வீட்டுக்கு மாலை போகும், யார் வீட்டுக்குப் போகாது என்ற வாக்குவாதத்தைத் துறைமுகம் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் அந்த உடலுக்காகப் பேச வருகிறவன், அஜாக்ஸ் வெறுத்த அதே ஒடிசியஸ். நாடகத்தின் தொடக்கத்திலேயே, புத்தி கலங்கி நின்ற அஜாக்ஸைப் பார்த்து, எதிரி என்றாலும் பாவம், நாளை நானும் இப்படி ஆகலாம் என்றவன் அவன்தான். இந்தப் பாத்திரத்துக்கு உங்கள் குழுவிலேயே மெதுவாகப் பேசுகிற ஆளைப் போடுங்கள். கத்தாமல் நின்று, எதிரிக்காகப் பரிந்து பேசுகிற ஒரு ஆணை நம் மேடைகளில் பார்த்து ரொம்ப நாளாகிறது.

முடிந்த பிறகு

கூட்டத்தைப் பேச வைக்க மைக் வையுங்கள். பெண்கள் பேசுவார்கள், மாணவர்கள் பேசுவார்கள். ஐம்பது தாண்டிய ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள். நாங்கள் போட்ட நிகழ்ச்சிகளில் அவர்கள் பேசியதெல்லாம் நாற்காலி அடுக்கும்போதுதான். கையில் ஒரு வேலை வேண்டும், எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும், அப்போது வரும். நாலு நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டே ஒரு பெரியவர், "எங்க நைனாவும் கதவப் பாத்துத்தான் எழுந்திருப்பாரு" என்றார். அடுத்த நாலைச் செருகும் வரை நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

அதனால் பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: சாமான் எடுக்க ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும், நாற்காலிகளை நாங்களே அடுக்கிக்கொள்கிறோம் என்று.